கூடாரத்து நாற்காலி

மிர்லாண்ட் அக்காவின் நெற்றிக்கு நேரே காய்ச்சல் அளக்கும் அந்தக் கருவியை நீட்டியவன் நான்தான். வேறு யாரும் சொல்லி நீங்கள் கேள்விப்பட வேண்டாம்.

அக்கா ஹைட்டியிலிருந்து ஆர்லாண்டோவுக்கு வந்து பத்தொன்பது வருடம். அத்தனை வருடமும் ஒரே பொழுதுபோக்குப் பூங்காவில், ராட்டினத்தில் பிள்ளைகளுக்கு பெல்ட் மாட்டும் வேலை. மாட்டும்போது எங்கள் கிரெயோல் மொழியில் அழகாகத் திட்டுவார். அமெரிக்கத் தாய்மார்கள் ஆசீர்வாதம் என்று நினைத்து நன்றி சொல்வார்கள்.

கொரோனாவில் நான்கு மாதம் பூங்கா மூடிக் கிடந்தது. ஜூலையில் திறந்தபோது பாதிப் பேரைத்தான் திரும்ப அழைத்தார்கள். முதல் மாதம் என்ன காரணத்துக்காக யார் வராமல் போனாலும் வேலையிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அக்கா யோசிக்காமல் போட்டார். அவர் கணவர் ஓடிலோனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்கான காப்பீடு அக்காவின் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு விருந்தினர் வாசல் கூடாரத்தைக் கொடுத்தார்கள். உடம்பு சூடாகக் காட்டுகிறவர்களை மின்விசிறி முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். டிக்கெட் வாங்கியவனைத் திருப்பி அனுப்ப நிர்வாகத்துக்கு மனசு வருமா என்ன?

நான் பணியாளர் வாசலில் நின்றேன். அங்கே நாற்காலி கிடையாது. காய்ச்சல் காட்டினால் பதினான்கு நாள் வீடு.

மூன்றாம் நாள் காலை அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தார்.

"என்னக்கா கட்டு?"

"நேத்து வெயில்ல நின்னது மண்டையப் பொளக்குது. ஆமணக்கெண்ணெயச் சுடவெச்சுத் தேச்சுக் கட்டிக்கிட்டேன். பஸ்ஸ விட்டு எறங்கி ஓடியாறேன். சட்டுனு பாரு தம்பி."

துணியை அவிழ்த்தார். நூற்றொன்று. என் பின்னால் மேற்பார்வையாளர் டோனா நின்றிருந்தாள்.

"எண்ணெய்ச் சூடுங்க அது," என்றேன். "பத்து நிமிஷம் உக்காரட்டும்."

"அந்த நாற்காலி விருந்தாளிங்களுக்கு, ரோனெல்."

"டோனா, அந்த நாற்காலியப் பாத்துக்கறதே நான்தாம்மா," என்றார் அக்கா.

"தெரியும் மிர்லாண்ட். வீட்டுக்குப் போங்க."

ஐந்தாம் நாள் தொற்று இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. ஆறாம் நாள் வேலை இல்லை என்று கடிதம் வந்தது. மாதக் கடைசியில் காப்பீடும் போயிற்று. ஓடிலோனை எந்த மருத்துவமனை வாசலில் இறக்குவது என்று இப்போது வாரா வாரம் அக்கா அலைகிறார்.

நான் போய் நின்றபோது, "நீ என்னடா பண்ணுவ, சாப்டுட்டுப் போ," என்றார். அதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அவருடைய கூடாரம் எனக்கு வந்தது. முதல் நாளே ஒருவர், நூற்றொன்றரை. உட்காரவைத்தேன். மூன்று தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். மூன்று தடவை அளந்த பிறகு தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கியது.

"பாத்தீங்களா, வெறும் வெயில்தான்," என்றார் அவர்.

"ஆமா சார், வெறும் வெயில்தான்," என்று சொல்லி உள்ளே விட்டேன்.