பாவாவுக்கு அளந்து வைத்த மந்திரம்

ஞாயிற்றுக்கிழமை விசைத்தறிக்கு லீவு. அன்றைக்கு அக்காவும் அவள் கணவரும், அதாவது எங்கள் பாவாவும், ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ் பிடித்துத் திருத்தணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சாப்பாடு முடிந்ததும் கதை விளையாட்டு. போனில் பார்த்து நான் கற்றுக்கொண்டது. பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் போட்டு, அரக்கர்கள் அடைத்து வைத்திருக்கும் ஊர்ப் பிள்ளைகளை மீட்கக் குகைக்குள் போக வேண்டும். கதையை நடத்துவது நான். அக்காவுக்கு வாள், பாவாவுக்கு மந்திரம்.

மந்திரத்துக்கு ஓர் அளவு வேண்டாமா? அதற்குப் புளியங்கொட்டை வைத்திருந்தேன். ஒரு மந்திரம் போட்டால் ஒரு கொட்டையைத் தந்துவிட வேண்டும். தீர்ந்துபோனால், கதைக்குள் ஓர் இரவு தூங்கி எழுந்தால்தான் மறுபடி கிடைக்கும். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் வீட்டில் மாப்பிள்ளை இலையில் சோறு குறைவதற்குள் அடுத்த கரண்டி விழுந்துவிடும். அவர் போதும் என்று கையால் மறித்தாலும் விழும். அப்படிப் பழகிய கை என்னுடையது. முதல் அரக்கன் மேலேயே அத்தனை கொட்டையையும் தீர்த்துவிட்டு பாவா நிமிர்ந்து பார்ப்பார். "தூங்கி எழுந்துட்டீங்க பாவா, விடிஞ்சிடுச்சு" என்று உடனே ஒரு கை அள்ளி வைப்பேன். சுற்றிலும் அரக்கர்கள் நிற்க, ஒரே மத்தியானத்தில் எத்தனை விடியல்!

அக்காவுக்கு வாளை உருவவே வேலையில்லை. ஒரு ஞாயிறு பகடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நான் இன்னாத்துக்குடா? அவரே எல்லாத்தியும் எரிச்சிக்கினு போறாரு. வாரம் பூரா தறி சத்தத்துல ஒரு பேச்சு காதுல உழாது. இங்கியும் வந்து வாய மூடிக்கினு குந்தணுமா? இனிமே நான் வரல."

அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்ப்பதே இந்த விளையாட்டில்தான். கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரே ஒரு வாரம் வரச் சொன்னேன்.

அந்த வாரம் சட்டத்தை மாற்றினேன். குகைக்குள் தூங்கினால் கொட்டை கிடையாது, ஊர் திரும்பித் தூங்கினால்தான். ஊர் திரும்பினாலோ, அந்தப் பிள்ளைகளை அரக்கன் வேறு மலைக்குக் கொண்டுபோய்விடுவான். பாவா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், பகடையைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்லி முடித்தேன்.

பாதிக் குகையில் அவர் கையில் ஒரே ஒரு கொட்டை. எதிரே பெரிய அரக்கன். வழக்கம்போல நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க பாவா" என்றேன். மாப்பிள்ளையிடம் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாரோ என்று பயந்தேன்.

அவர் கொட்டையைக் கொஞ்ச நேரம் விரலுக்குள் உருட்டினார். "வெளிச்சம் மட்டும் போடறேன்" என்று என்னிடம் தந்துவிட்டு, அக்கா பக்கம் திரும்பினார். "இந்தா, நீ வெட்டு."

முதல் வெட்டு தப்பியது. அடுத்ததில் அரக்கன் விழுந்தான். அக்கா போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். பாவாவும் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

"நல்ல வேள மச்சான். ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தீங்களா, எல்லாத்தியும் நானே முடிக்கணும்னு ஞாயித்துக்கெழம வந்தாலே எனக்குத் தலவலிதான்."

அக்கா அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பகடையைக் கைக்குள் குலுக்கியபடி என்னைக் கேட்டாள்: "உள்ள இன்னும் யாருனா கீறாங்களாடா?"