பாராளுமன்றம் போன சகலன்

ஷரிபுதீனின் கம்பனிக்கு ஐந்து வயதாகிறதாம், சிறப்பு மலர் போடுகிறார்களாம், அவனைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி மருதமுனைத் தறிக்காரர்கள் என்னிடம்தான் வந்தார்கள். அவர்களுக்கு ஏதோ எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இது மலருக்கு அல்ல. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

என் மனைவி றாஹிலாவின் தங்கை சுபைறாவைக் கட்டியவன் அவன். கல்முனைக்குடியில் மாமனார் தன் இரண்டு பெண்களுக்கும் ஒரே வளவில் இரண்டு வீடுகளைச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தார். ஒன்றில் அவன், மற்றதில் காலிதீனாகிய நான். நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி. அந்தப் பக்கம் என்ன ஆணம் கொதிக்கிறது என்பதுகூட எனக்கு மூக்கால் தெரியும்.

அவன் பிறந்தது மருதமுனை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கைத்தறிச் சாரன் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அம்பாறை வரை மிதித்து விற்றான். ஆள் குள்ளம், சிரித்தால் பல்லோடு முரசும் தெரியும். ஆனால் தெருவில் இறங்கினால் பத்துப் பேர் மறித்துக் கதைப்பார்கள். நானோ ஒரு லோயரிடம் இருபத்திரண்டு வருடம் கிளாக்கர். ஆங்கிலத்தில் காணி உறுதி எழுதுவேன். என்னை மறித்தவர்கள் எல்லாரும் லோயர் ஐயா இருக்கிறாரா என்று கேட்கத்தான் மறித்தார்கள். எனக்கு எரியாமல் என்ன செய்யும்?

எண்பத்திரண்டில் புதிய கம்பனிச் சட்டம் வந்தது. மாதிரி விதிகள் சட்டத்தின் பின்னாலேயே இருக்கின்றன, பெயரை நிரப்பினால் போதும், இனி லோயர் செலவு மிச்சம் என்று கொழும்பில் சொன்னார்கள். இவன் பதினொரு தறிக்காரரைச் சேர்த்துக்கொண்டு, சட்டப் புத்தகத்தோடு வேலியால் வந்தான். மூத்தவன் என்று என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, மாதிரியெல்லாம் இதிலயே இரிக்கி. ஒருக்காப் பாருங்களன்."

பெயரை மட்டும் நிரப்பி முடிகிற வேலையாக அது இருக்கவில்லை; ஒருக்கா என்றது ஐந்து வெள்ளிக்கிழமைகள் ஆயிற்று. ஜும்ஆ முடிந்து சோறு தின்ற கையோடு உட்கார்ந்து கம்பனி விதிகள் முழுவதையும் நானே எழுதினேன். எங்கள் லோயர் இரண்டாயிரம் ரூபாய் எடுக்கிற வேலை. சகலனிடம் காசு கேட்டால் றாஹிலா என்னை வீட்டில் வைப்பாளா? லோயருக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றோடு என் வேலை போச்சு.

அடுத்த வருடம் பாராளுமன்றக் குழு ஒன்று, சட்டம் சொன்ன மிச்சம் உண்மையில் சனங்களுக்குக் கிடைத்ததா என்று விசாரிக்கத் தொடங்கியது. லோயர் இல்லாமல் கம்பனி பதிந்தவர்கள் வந்து சாட்சி சொல்லலாம் என்று பேப்பரில் அறிவித்தல் வந்தது. ஷரிபுதீன் எழுதிப் போட்டான். வரச் சொல்லி அரச முத்திரையோடு பதில் வந்தது. மீன் சந்தையில் அதே கதை, பள்ளிவாசல் வாசலிலும் அதே கதை.

"தங்கச்சிட மாப்பிள்ளை பாராளுமன்றம் போறாரு," என்றாள் றாஹிலா, என் தட்டில் சோறு போட்டபடி. "நீங்க அந்த மேசைய விட்டு எழும்பவே இல்ல."

என் ஐந்து வெள்ளிக்கிழமைகளையும் சுமந்துகொண்டு இவன் மட்டக்களப்பில் ரயில் ஏறப் போகிறான். அங்கே என் பெயரைச் சொல்வானா? அவன் இடத்தில் நான் இருந்தால் சொல்லமாட்டேன். ஆகவே அவனும் சொல்லமாட்டான்.

மறுநாள் லோயர் வழக்குக்காகக் கோட்டுக்குப் போன நேரம் பார்த்து, அலுவலக மெஷினில் குழுவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் டைப் செய்தேன். 'இவர் சொல்லும் மிச்சம் சட்டத்தால் வந்ததல்ல. அனுபவமுள்ள ஒரு கிளாக்கர் சும்மா செய்து கொடுத்ததால் வந்தது. இவர் ஒரு வரிகூட எழுதவில்லை.' பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பக்கத்து ஊர் சாய்ந்தமருதுக்குப் போய்த் தபாலில் போட்டேன்.

அவன் போனான். ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடு திரும்பி வந்தான்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"எல்லாம் நல்லாத்தான் கேட்டாங்க காக்கா," என்றான். பெட்டியை என் கையில் திணித்துவிட்டு வேலியால் போய்விட்டான்.

ஆறு மாதம் கழித்துக் குழுவின் அறிக்கை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அவன் பெயரைத் தேடிப் பக்கம் புரட்டினேன். 'கல்முனையைச் சேர்ந்த திரு. ஷரிபுதீன் குறிப்பிட்ட மிச்சம், உறவினர் ஒருவரின் கூலியில்லாத உழைப்பால் வந்ததாகும். இதைச் சட்டத்தால் ஏற்பட்ட மிச்சமாகக் கொள்ள முடியாது.' நான் சொன்னதே வென்றிருக்கிறது. ஆனால் அதிலும் அவன்தான் திரு. ஷரிபுதீன். நான் யாரோ ஓர் உறவினர்.

அறிக்கையைச் சுருட்டிக்கொண்டு நேரே அவனுடைய கம்பனிக்குப் போனேன்.

"டேய், என்ட பேரச் செல்ல ஒனக்கு வாய் வரல்லியா?"

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவன் என் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். அலுமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். என் மொட்டைக் கடிதத்தின் பிரதி. மேலே வலது மூலையில் எங்கள் லோயரின் முதலெழுத்துகளோடு அலுவலகக் கோவை இலக்கம், அதாவது ஃபைல் நம்பர், நான் அடிக்கும் எல்லாக் கடிதங்களிலும் போல அழகாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் பழகிய கை. என்னைக் கேட்காமலே அடித்திருக்கிறது.

"காலிதீன் காக்காதான் எல்லாம் எழுதினாரு, அவர்ர பேரப் போடுங்க எண்டு முதலே செல்லிட்டன்," என்றான். "எழுதியும் எடுத்தாங்க. பொறகுதான் இதக் காட்டி, ஒரு கொப்பியும் தந்தாங்க. அந்தப் பேரும் இந்த இலக்கமும் ஒண்டாக் கிடந்தா ஒங்கட லோயர் உட்டு வைப்பாரா? அதான் பேர வெட்டச் செல்லிக் கெஞ்சினன்."

"சுபைறாக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஓராளுக்கும் தெரியா. கிழிச்சுப் போடுங்க காக்கா."

பிறகு கதவைத் திறந்து, காக்காவுக்குத் தேத்தண்ணி கொண்டு வரச் சொன்னான். அத்தனை பேர் பார்க்க நான் அதைக் குடித்து முடித்தேன். அவன் என்னை நாலு ஏச்சு ஏசியிருக்கலாம், செகிட்டில் ஓர் அறை வைத்திருக்கலாம். நாங்கள் சரிக்குச் சரியாகியிருப்போம். முன்பெல்லாம் அவனுடைய பெயர் மேல்தான் எனக்குப் பொறாமை. இப்போது அவனுடைய மனசின் மேல் பொறாமை. இதை எந்த மொட்டைக் கடிதத்தில் யாருக்கு எழுதி முறையிடுவது?