டப்பா மூடியில் இருந்த பெண்

சிறுநீரக வார்டில் அந்த டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும், வீட்டில் விழுங்குவது, தடவுவது எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வரச் சொல்வார். மேஜைமேல் கொட்டச் சொல்வார். வாய் மறைப்பதைப் பை சொல்லிவிடும்.

அவருடைய போராட்டமே அந்தப் பைகளிலிருந்துதான் தொடங்கியது. முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்களில் பாதரசம் இருக்கிறது, அது தோல்வழியே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஆறு வருடங்களாக மேடை மேடையாகப் பேசிவருகிறார். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்.

"பத்தொன்பது வயசுல அழகிப் போட்டியில ஜெயிச்சேன். அந்தக் கிரீடம் குத்தினதுல மண்டையெல்லாம் புண்ணு. மருந்து போட்டுவிட்ட டாக்டரம்மாவைப் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன், இனி இந்த வேலைதான்னு!"

கூட்டம் சிரிக்கும், கைதட்டும். கிரீடத்துக்கும் கல்லூரிக்கும் நடுவில் கிடந்த ஒரு வருடத்தை அவர் ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவார்.

அன்று செவ்வாய்க்கிழமை, செருப்புக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். முகமும் காலும் ஊதியிருந்தன. பையைக் கவிழ்த்தாள். தலைவலி மாத்திரைகளுக்கு நடுவிலிருந்து ஒரு வட்ட டப்பா உருண்டு வந்து நின்றது. மூடியில் கிரீடம் வைத்த பெண்ணின் படம்.

டாக்டரின் கை அப்படியே நின்றுவிட்டது.

"எத்தனை நாளா இதைப் போடறீங்க?"

"எட்டு வருஷம் இருக்கும் மேடம். இந்தப் பொண்ணைப் பாத்துத்தான் ஆரம்பிச்சேன். என்னை மாதிரியே கறுப்பா இருந்தாளாம், இதைப் போட்டதும்தான் கிரீடமே கிடைச்சுதாம்."

"யார் சொன்னா?"

"அவளே சொல்றாளே! உள்ள காகிதத்துல இருக்கு."

சொன்னது உண்மைதான். கிரீடம் வாங்கிய அந்தப் பத்தொன்பது வயதுப் பெண், விளம்பரக்காரர்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். அப்பிய பவுடர், கண்ணைக் கூசவைக்கும் இரண்டு விளக்குகள், கையில் ஒரு காலி டப்பா. அந்தக் கிரீமை ஒருநாள்கூட அவள் தொட்டதில்லை. படத்தைப் பார்த்த அக்கா, "யாருடி இவ? எனக்கே அடையாளம் தெரியல" என்று சிரித்தாள். முதல் வருடக் கல்லூரிக் கட்டணம் அதற்குக் கிடைத்த பணத்திலிருந்துதான் போயிற்று. அதற்குப் பிறகு படம் என்ன ஆயிற்று என்று இருபத்திரண்டு வருடங்களாக அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது வசதியாக இருந்தது.

கிரீம்தான் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது என்று சொல்லி அந்தப் பெண்ணை வார்டில் சேர்த்தார். டப்பாவைக் குப்புறக் கவிழ்த்து மேஜை டிராயருக்குள் தள்ளினார். இப்படிப்பட்ட கிரீம்களை விசாரிக்க அரசு அமைத்த குழுவுக்கு அனுப்பும் படிவத்தில், கிரீமின் பெயர் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினார்.

பதினைந்து வருடங்களாகக் கூடவே இருக்கும் தலைமை நர்ஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"டப்பாவை உள்ள வெச்சுக்கிட்டு தெரியலைன்னு எழுதறீங்களே, கண்ணாடி மாத்தணுமா மேடம்?"

"அப்புறம் பாக்கலாம் சிஸ்டர்."

"அப்புறம் எப்ப? நாளன்னிக்குக் குழு. பேரும் டப்பாவும் இல்லாட்டி கேஸையே எடுக்கக் கூடாதுன்னு சண்டை போட்டு விதி வாங்கினது யாராம்?"

சொல்லிக்கொண்டே டிராயரைத் திறந்தார். மூடியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். ஊர் வாயெல்லாம் அடக்கும் நர்ஸ் தன் வாயை மூடிக்கொண்டு போனதுதான் டாக்டருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை டப்பாவோடு வார்டுக்குப் போனார். கட்டிலருகே நின்றார்.

"இந்தப் படத்துல இருக்கறது நான்தான்."

அவள் படத்தையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"விளையாடாதீங்க மேடம்."

"நான்தாம்மா."

"அப்ப நீங்க இதைப் போட்டுத்தான்..."

"ஒருநாள்கூடப் போட்டதில்ல."

ஊதிய விரலால் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் உங்க மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன்."

"என்னை மன்னிச்சிடுங்க. நாளைக்குக் குழுவுல எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"சொல்வீங்க. நீங்கதான் நல்லாப் பேசுவீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்களே, எல்லாரும் கைதட்டுவாங்களாம்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதையாவது கைதட்டு வாங்காம சொல்லுங்க."

வியாழக்கிழமை, குழுவின் நீண்ட மேஜைமேல் டாக்டர் டப்பாவை வைத்தார், படம் மேலே தெரிய. கிரீடக் கதை எதுவும் சொல்லவில்லை. கிரீமின் பெயரைச் சொன்னார். மூடியில் இருப்பது யார், தடவாமலே தடவியதாகச் சொன்னது யார், செவ்வாய்க்கிழமை 'தெரியவில்லை' என்று எழுதியது யார் என்பதையும் சொன்னார்.

யாரும் கைதட்டவில்லை. செயலாளர் டப்பாவைக் கையிலெடுத்தார். படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து டாக்டரின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். டாக்டர் தலையைக் குனியாமல், அவர் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றார்.