சித்திரையில் ஒரு கம்பளி

செங்கத்திலிருந்து மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுப் பள்ளிக்கு என்னை மாற்றிய இரண்டாவது வருடம், என் மனைவி ரோசலின் என் நகைச்சுவைக் கதைகளுக்குச் சிரிப்பதை நிறுத்தினாள். அதை நான் இலக்கிய விமர்சனமாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு மறதியும் தூக்கமும் காரணமில்லாத அழுகையும் சேர்ந்துகொண்டன. மனோதத்துவப் புத்தகங்களைப் புரட்டி, இந்த மாற்றலை வெறுக்கும் மனம் செய்கிற வேலை இது என்று தீர்ப்புச் சொன்னேன். ஒரு சித்திரை மதியம், கம்பளிக்குள்ளிருந்து "குளுருதுங்க" என்றாள்.

"மலைக்கு வந்தா குளுராம இன்னா பண்ணும்? எல்லாம் மனசுதான்."

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் வைத்தியம் பலித்துவிட்டதென்று பூரித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்த அவள் தங்கை வாசலிலேயே திகைத்து நின்றாள். "இன்னாக்கா, கொரலு ஆம்பள மாதிரி கட்டிக்கினு கீது? மொகம் வேற ஊதிக் கீதே! மாமா, நீங்க பாக்கவே இல்லியா?"

வேலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யலீங்க. குளிரும் அழுகையும் அதனாலதான். இன்னும் விட்டிருந்தா நினைவே தப்பியிருக்கும்" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில், "அப்பவே ஏன் அழுத்திச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா மனசுன்னுவீங்க. அப்புறம் எனக்கே அது மனசுதான்னு தோணிப்போச்சு."

எழுந்து, அவள் பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தினேன்.

மாத்திரையில் தேறிவிட்டாள். இப்போதெல்லாம் என் கதைக்கு அவள் சிரிக்காவிட்டால், முதலில் அவள் கையைத் தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பாக இருந்தால்தான் கதையைத் திருத்த உட்காருகிறேன்.