லாடம் இல்லாத பந்தயம்

சினிமாவை நம்பி உழவு மாட்டைப் பந்தயத்தில் விட்ட மடையன், கம்பம் பக்கத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். இரண்டு வருஷமாக மழை இல்லை, கையில் வேலையும் இல்லை. அப்போதுதான் டிவியில் அந்தப் படம் ஓடியது. பஞ்ச காலத்தில், யாரும் சீந்தாத நோஞ்சான் குதிரை ஒன்று ஜெயிக்கிற கதை. அழுதுகொண்டே பார்த்தேன். எங்கள் ஜோடி மாட்டில் ஒன்றும் நோஞ்சான்தான். எனக்கு அது போதாதா?

இந்த வருஷம் ஒருவழியாக லோயர் கேம்ப்பில் பாசனத்துக்கு அணைத் தண்ணீர் திறந்தாயிற்று, வயலை உழ வேண்டும் என்று மனைவி காத்திருந்தாள். நான் ஜோடியை மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு ஓட்டிப் போனேன். கொடி அசைந்ததும் நோஞ்சான் நிஜமாகவே பறந்தது! முதல் வளைவில், தார் ரோட்டில் சறுக்கி விழுந்தது. அதன் கால் எலும்பு முறிந்த சத்தம் வண்டியில் இருந்த எனக்கே கேட்டது.

“ஏலே, லாடம் அடிக்காமயா ரோட்டுல விட்ட?” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். சேற்றில் உழுகிற மாட்டுக்கு நாங்கள் லாடம் அடிப்பதில்லை. படம் முழுக்க நான் குதிரையின் முகத்தையே பார்த்தேன், குளம்பை யார் பார்த்தது?

வீட்டுக்கு வந்தேன். “அந்தக் குதிரைக்கும் காலு ஒடிஞ்சுது, அப்புறந்தான் ஜெயிச்சுச்சு” என்றேன் மனைவியிடம்.

“அந்தக் குதிரைய நம்பி வயலு காத்துக் கெடக்கல.”