நடுநீரில் நின்ற மாப்பிள்ளை

போன வாரம் மூக்குக்கண்ணாடி மாற்றக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஏதோ எடுக்க உள்ளே போனதும், மேசையில் கிடந்த தடித்த கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துத் தெருவைப் பார்த்தேன். சும்மா இருக்கத் தெரியாத கை எனக்கு. தெரு தலைகீழாகத் தொங்கியது. ஒரு சைக்கிள்காரர் வானத்தில் மிதித்துக்கொண்டு போனார். கடைக்காரர் திரும்பி வந்து, "அது உங்களுக்கு இல்லீங்க, கண்ணுல ஆபரேஷன் ஆனவங்களுக்கு" என்று பதமாக வாங்கி வைத்துவிட்டார். அவருக்கு என்ன தெரியும், எனக்கு அந்தக் கண்ணாடியில் போர்ட் பிளேரே தெரிந்ததென்று.

உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் சாமான் ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. அப்பா செய்த தொலைநோக்கி. உடம்பு மூங்கில். முன்னால் யாரோ தூக்கிப்போட்ட மூக்குக்கண்ணாடியின் சில்லு, பின்னால் அபர்தீன் பஜார் கடிகாரக்காரரிடம் கெஞ்சி வாங்கிய லென்ஸ். மூங்கிலைப் பூச்சி அரிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவுவார். பார்த்துவிட்டு வந்தால் முகத்தில் அந்த வாசனை. "கண்ணால பாத்தியளா, தலைக்குத் தேச்சியளா?" என்பாள் அம்மா.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்துக் கப்பலேறியவர். வகுப்பில் பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான திருநெல்வேலித் தமிழ். வங்காளிப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் அந்தத் தமிழைத்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் கணக்கு விடாது. தேங்காய்ச் சில்லைப் பங்கு வைக்கக் கோணமானியைக் கொண்டுவரச் சொல்லுவார். கண்ணில் பட்டதன் உயரத்தையெல்லாம் அளப்பார். ஒருமுறை பக்கத்து வீட்டுத் தென்னையின் உயரம் காண, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்து போய்ச் சாக்கடைக்குள் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கோணத்தைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அப்போது எனக்கு அப்பாதான் உலகத்திலேயே பெரிய விஞ்ஞானி.

தலைகீழாகத் தெரிவதைச் சரிசெய்ய நடுவில் மூன்றாவதாக ஒரு லென்ஸ் வேண்டுமாம். போர்ட் பிளேரில் அது கிடைக்காது. மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும். எங்களுக்கு எல்லாமே மெயின்லேண்டிலிருந்துதான் வரவேண்டும்: வெங்காயம், பஞ்சாங்கம், வாரப் பத்திரிகை, கடைசியில் அக்காவுக்கு மாப்பிள்ளையும்.

மாப்பிள்ளைக்கு மதராஸில் சர்க்கார் வேலை. சொந்த ஊர் பாளையங்கோட்டை. போட்டோ ஒரு கப்பலில் வந்தது, அக்காவின் போட்டோ அடுத்த கப்பலில் போனது. பெண் வீட்டில்தான் கல்யாணம் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் நெருங்கிய சொந்தக்காரர்கள் சிலருமாகக் கப்பலேறி வருவது, வந்த கப்பல் திரும்பும்போது பெண்ணோடு போவது என்று ஏற்பாடு. லீவு அவ்வளவுதான் அவருக்கு. வரும்போது மறக்காமல் அந்த மூன்றாவது லென்ஸையும் வாங்கிவரும்படி அப்பா எழுதினார். மாப்பிள்ளையிடம் சீர் கேட்ட ஒரே மாமனார் அவராகத்தான் இருப்பார்.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தத் தீவில் யாரும் முகூர்த்தம் குறித்துவிட்டுக் கப்பலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். கப்பல் வந்து ஜெட்டியில் வடம் கட்டின பிறகுதான் பஞ்சாங்கத்தையே எடுப்பார்கள். தமிழரானாலும் வங்காளியானாலும் அதுதான் வழக்கம். அப்பா அதை மீறினார். கப்பலின் வேகம், அந்த மாதத்துக் காற்று, போன தடவைகளில் தாமதித்த நேரம் எல்லாவற்றையும் போட்டு, எந்தக் காலையில் கப்பல் வரும் என்று கண்டுபிடித்து, அதற்கு மறுநாள் முகூர்த்தம் வைத்தார். துறைமுகப் படகுக்குச் சாரங்காக இருந்த காதர் பாய், அதாவது படகைச் செலுத்தும் தலைவர், வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். "சார், ஜஹாஜ் நம்ம சொல்பேச்சு கேக்காது. நாலு நாள் தள்ளிப் போடுங்க." அப்பா அவருக்குக் கணக்கை விளக்கினார். காதர் பாய் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கப்பல் அப்பா சொன்ன காலையில் வந்தது. இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. கணக்கு சரி.

மின்னி பே என்ற பகுதியில் மேட்டுச் சரிவில் எங்கள் வீடு. உச்சிக்கு ஏறினால் துறைமுகத்து நீர் தெரியும். நானும் அப்பாவும் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கப்பல் உள்ளே வந்தது, நடுநீரில் நின்றது, நங்கூரம் போட்டது. ஜெட்டிக்கு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் மேல் ஒரு மஞ்சள் கொடி ஏறியது. தொலைநோக்கியில் அது இறங்குவதுபோலத் தெரிந்தது. "கொடி எறக்குறாங்கப்பா" என்று நான் குதித்தேன். அப்பா குதிக்கவில்லை.

மத்தியானம் காதர் பாய் வந்தார். வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. அதில் ஆப்பிரிக்க நத்தைகள் ஏறுவதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் உப்புப் போட்டு விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே வராமல் அங்கேயே நின்றார்.

"கப்பல்ல அம்மை கண்டிருக்கு சார். ரெண்டு மூணு பேருக்கு. டாக்டர் சாப் யாரையும் எறங்க விடல."

"மாப்பிள்ளைக்கா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"இல்லம்மா. உங்காளுங்க நல்லாத்தான் இருக்காங்க. எறங்கத்தான் முடியாது."

அப்பா துறைமுக அலுவலகத்துக்குப் போனார், ஆஸ்பத்திரிக்குப் போனார், பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். எல்லோரும் மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார்களாம். அவர்கள் பிள்ளைகள் அவரிடம்தானே கணக்குப் படிக்கிறார்கள். ஆனாலும் மஞ்சள் கொடி மஞ்சள் கொடிதான். தொற்றுநோய் கண்ட கப்பலின் அடையாளம் அது, அது இறங்கும்வரை ஆளும் இறங்க முடியாது.

மறுநாள் முகூர்த்த நேரம் வந்தது, போனது. அக்கா கூறைப்புடவை கட்டவில்லை. கட்டவும் யாரும் சொல்லவில்லை. அம்மாவும் பக்கத்து வீட்டு முகர்ஜி மாமியும் வளர்த்த மல்லிகைச் செடிகளெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு மாலைக்குத்தான் பூத்திருந்தன. அது வாளித் தண்ணீரில் மிதந்தது. பூவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆக்கியதை வைத்திருக்க முடியாது. காலனி முழுக்க வந்து பந்தியில் உட்கார்ந்தது. கல்யாணமில்லாத கல்யாணச் சாப்பாடு. முகர்ஜி மாமா பழக்கதோஷத்தில் இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டுவிட்டு, "மாஃப் கீஜியே மாஸ்டர்ஜி" என்று மன்னிப்புக் கேட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அப்பா தானே போய் அவருக்கு ஊற்றினார்.

அதன்பிறகு மேடுதான் எங்கள் வீடு. அப்பா இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயிறு கட்டி, இரண்டு பக்கமிருந்தும் கோணம் பார்த்துக் கப்பலின் தூரத்தைக் கணக்கிட்டார். நங்கூரத்தில் கப்பல் சுழலச் சுழல விடை மாறும். "நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் கிட்டத்துல நிக்கி" என்றார் அம்மாவிடம்.

"கிட்டத்துல நின்னு என்ன செய்ய? கையப் புடிச்சு எறக்கவா முடியும்?"

அப்பா கயிற்றை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டு, மறுபடி கோணம் பார்த்தார்.

காதர் பாய் தினம் படகில் தண்ணீரும் காய்கறியும் கொண்டுபோய், கப்பலிலிருந்து இறங்கும் கயிற்றுக் கூடையில் வைத்துவிட்டு, எட்ட நின்று கத்திப் பேசிவிட்டு வருவார். அவர் மூலம் அப்பா ஒரு சேதி அனுப்பினார்: நாளைக் காலை வெயில் ஏறினதும் மாப்பிள்ளை கரையைப் பார்த்த பக்கத்துக் கைப்பிடிக் கம்பியருகில் குடையை விரித்துப் பிடித்து நிற்கட்டும், நாங்கள் பார்க்கிறோம்.

அக்கா அதுவரை மேட்டுக்கு வந்ததே இல்லை. அன்று அம்மா, "ஏட்டி, ஒரு தடவ பாத்துட்டு வாயேன்" என்றாள். வந்தாள். அப்பா மூங்கிலைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, மகள் வெட்கப்படுவாளென்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். கண்ணை வைத்த அக்கா வெகுநேரம் எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, இடித்தேன்.

"தெரியுதாக்கா?"

"தெரியுது. குடைமேல நிக்காவ" என்றாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒருதரம்தான்.

பிறகு நான் பார்த்தேன். விரிந்த கறுப்புக் குடை கிண்ணம்போல இருந்தது. அதற்கு மேலே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சின்ன ஆள் தலைகீழாக. அசையவே இல்லை. வெயிலில் நெடுநேரம் அப்படியே நின்றார். இன்னொரு உருவம் வந்து இழுத்த பிறகுதான் உள்ளே போனார். "எல்லாம் நேராயிரும். மூணாவது லென்ஸ் அவருகிட்டதான் இருக்கு" என்றார் அப்பா, யாரும் கேட்காமலேயே.

அன்று மாலை காதர் பாய் கொண்டுவந்த சேதி வேறு. மாப்பிள்ளையின் அம்மா மேல்தட்டிலிருந்து சத்தமாகச் சொல்லியனுப்பியதாம். எங்களிடம் அதைச் சொல்ல அவர் படாத பாடு பட்டார். "நான் சொல்றதா நெனச்சிறாதீங்கம்மா. அந்தம்மா சொன்னது. 'முகூர்த்தம் தப்பிப்போச்சு, ஆத்தாளே குறுக்க வந்து நிக்கா, அவள மீறி நான் சம்பந்தம் பண்ண மாட்டேன்'னுட்டாங்க."

அப்பா இதை நம்பவில்லை. தரையில் கால் வைத்தால் மனசு மாறும் என்றார். மஞ்சள் கொடி ஒருவழியாக இறங்கி, கப்பல் ஜெட்டிக்கு வந்த அன்று தூறல். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏணி வைத்தார்கள். மூட்டை முடிச்சோடு ஜனங்கள் இறங்கினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், வெங்காயம் இறங்கியது, தபால் மூட்டை இறங்கியது. எங்கள் ஆட்கள் இறங்கவில்லை. கடைசியில் கம்பியருகில் வெள்ளைச் சட்டை ஒன்று வந்து நின்று, அப்பாவைப் பார்த்துக் கைகூப்பியது. அப்பாவும் கூப்பினார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார் மாப்பிள்ளை. பின்னாலிருந்து யாரோ கூப்பிட, திரும்பிவிட்டார். அப்பா ஏணியில் கால் வைத்தார், எடுத்தார். மேலே போய் யார் கையைப் பிடிப்பது? கொஞ்ச நேரத்தில் ஒரு கூலியாள் காகிதத்தில் சுற்றிய சின்னப் பொட்டலத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மூன்றாவது லென்ஸ்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "நேரா பாக்க எப்படி இருக்காவ?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்காவ" என்றேன். அவள் அதைக் கேட்டிருக்கவும் வேண்டாம், நான் சொல்லியிருக்கவும் வேண்டாம்.

அக்காவின் போட்டோவை அவர்கள் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். லென்ஸை அப்பா திருப்பி அனுப்பவும் இல்லை, மூங்கிலில் பொருத்தவும் இல்லை. மேசை இழுப்பறையில் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் எந்த மரத்தையும் அளந்து நான் பார்க்கவில்லை. தேங்காய்ச் சில்லை அம்மாவே ஒடித்துக் கொடுத்தாள், ஆளுக்கு ஒரு அளவாக. நாங்களும் சண்டை போடவில்லை.

அக்காவுக்கு அங்கேயே கல்யாணமாயிற்று. அத்தானுக்குக் காட்டிலாகாவில் வேலை. கடல் தாண்டி வரவேண்டியிருக்கவில்லை, பஸ்ஸில் வந்து தாலி கட்டினார். போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் வீடு. நல்ல மனிதர். மெயின்லேண்டில் குடியேறிவிட்ட நான் போன விடுமுறைக்கு விமானத்திலேயே போனேன். காலையில் ஏறினேன், மத்தியானச் சோற்றுக்கு அக்கா வீட்டில் இருந்தேன். காதர் பாய் ஊரோடு போய்விட்டார். மூங்கிலைக் கறையான் தின்றுவிட்டது. லென்ஸை அக்கா மகன் வெயிலில் காகிதம் எரிக்க எடுத்துப்போய்ப் புல்லில் தொலைத்துவிட்டானாம். மின்னி பே மேட்டுக்கு ஏறிப் பார்த்தேன். அளக்கக் கயிறு கட்டிய தென்னைகள் இல்லை, வரிசையாக வீடுகள். எட்டி எட்டிப் பார்த்தும் தண்ணீர் தெரியவில்லை.

அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குடை ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள், முறத்திலிருந்து கண்ணெடுக்காமல். "மனசுக்குள்ள எத்தன தடவ நேரா நிக்கவச்சுப் பாத்தாச்சு. நிக்க மாட்டேங்காவ."