கண்ணாடிப் பெட்டி அம்மன்

மகள் கல்யாணப் பத்திரிகையோடு சிறுவயதுத் தோழி தனம் வந்து உட்கார்ந்தாள். அவள் பட்டுச்சேலையில் அந்துருண்டை வீச்சம்.

கோலாலம்பூரில் நான் முதன்முதலாகப் பார்த்த மியூசியத்திலும் இதே வீச்சம்தான். நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து என்னைக் கூட்டிப்போனவள் இவள்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்கல அம்மன் நின்றாள். ரயில்வேயில் வேலை செய்த அப்பா அப்போது காய்ச்சலில் கிடந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்மூடிக் கும்பிட்டேன்.

தனம் சத்தமாகச் சிரித்தாள். "இங்க பாருங்க, பொம்மையக் கும்பிடுறா."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தக் காய்ச்சலிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார்.

"முதல் பத்திரிகைய அம்மன்கிட்ட வச்சிட்டுத்தான் உங்கிட்ட வரேன்" என்றாள் தனம்.

"எந்த அம்மன்கிட்டடி வச்ச? பொம்மைகிட்டயா?" என்றேன்.

அவள் முன்னால் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நான் குடிக்கச் சொல்லவில்லை.